உடற்பயிற்சிக்கான உட்சட்டை



சில வருஷங்களாக நம் கடைகளுக்கு வரும் வாலிபர்கள் "பேஸ் லேயர் இருக்கிறதா?" என்று கேட்கிறார்கள். பந்தாடுகிறவர், ஓடுகிறவர், மலை ஏறுகிறவர், சைக்கிள் விடுகிறவர் எல்லோருக்கும் அது வேண்டியிருக்கிறது. ஏதோ புதுப் பண்டம் என்று நாம் திகைக்க வேண்டியதில்லை. மேனியை ஒட்டி முதலாவதாக அணியும் உடுப்பு எதுவோ அதுவே பேஸ் லேயர். நாம் தலைமுறையாக விற்றுவரும் பனியனும் அந்த இனத்தைச் சேர்ந்ததுதான். பனியன் என்ற சொல்லே வியாபாரியிடமிருந்து வந்தது என்பதைச் சிலர் அறிந்திருக்கலாம். குஜராத்தி மொழியில் வணிகரைக் குறிக்கும் "வாணியோ" என்னும் சொல்லைப் போர்ச்சுகீசியரும் ஆங்கிலேயரும் தங்கள் நாவுக்கு ஏற்பத் திரித்து, பிறகு உடுப்புக்கும் அந்தப் பெயரையே சூட்டிவிட்டார்கள். ஆகையால் பனியனைப் பற்றி நாலு வார்த்தை பேச ஒரு கடைக்காரனுக்குப் பாத்தியதை உண்டு என்று எண்ணி இதை எழுதுகிறேன்.

எழுதத் தூண்டிய காரணம் பெருமைக்குரியதன்று. அதை முதலில் சொல்லிவிடுகிறேன்.

ஐந்தாறு வருஷங்களுக்கு முன் எங்கள் பேட்டையைச் சேர்ந்த ஒரு பையன், கல்லூரியில் படிப்பவன், கடைக்கு வந்தான். "மாமா, கூட்டாளிகளோடு கினபாலு மலைக்குப் போகிறேன். அங்கே குளிராம். நல்ல தடிப்பான பனியனாகக் கொடுங்கள்" என்றான். நானும் யோசிக்காமல், இருப்பதிலேயே தடிப்பான பருத்திப் பனியன் மூன்று எடுத்துக் கொடுத்தேன். "இதைப் போட்டால் குளிர் உன் பக்கமே வராது தம்பி" என்றும் சொன்னேன். தடிப்பாக இருந்தால் சூடாக இருக்கும் என்பதுதானே நமக்குத் தெரிந்த கணக்கு.

போய்வந்த பின் அவன் சொன்னதைக் கேளுங்கள். டிம்போஹோன் வாசலில் ஏறத் தொடங்குகிறார்கள். அந்த இடமே 1,866 மீட்டர் உயரம். அங்கிருந்து பனலாபான் விடுதி வரை, அதாவது 3,272 மீட்டர் வரை, ஆறு கிலோமீட்டர் படியும் கல்லுமாக ஏறவேண்டும். இரண்டு மணி நேரத்தில் பனியன் பிழிந்தெடுக்கும்படி நனைந்துவிட்டது. பிற்பகலில் மழையும் பிடித்துக்கொண்டது. பைக்குள் இருந்த மற்ற இரண்டு பனியன்களும் நனைந்துபோயின. விடுதியில் இரவெல்லாம் தொங்கவிட்டும் ஒன்றுகூடக் காயவில்லை. அதிகாலை இரண்டு மணிக்கு உச்சிக்குக் கிளம்பவேண்டும். வேறு வழியின்றி ஈரப் பனியனையே போட்டு, மேலே கம்பளிச் சட்டையை மாட்டிக்கொண்டு போயிருக்கிறான். ஏறும்போது ஒன்றும் தெரியவில்லை. பாறையில் வரிசைக்காக நின்றபோதுதான் பல் அடிக்கத் தொடங்கியது. பேச்சு குழறியதாம், விரல்கள் கயிற்றைப் பிடிக்க மறுத்தனவாம். கூடப் போனவன் ஒருவன் தன் பையிலிருந்து காகிதம் போல் மெலிந்த ஒரு செயற்கை நூல் சட்டையை எடுத்துக் கொடுத்து, ஈரத்தைக் கழற்றி அதை மாட்டச் சொன்னான். அரை மணி நேரத்தில் நடுக்கம் அடங்கியிருக்கிறது.

பையன் என்னைக் குறை சொல்ல வரவில்லை. கைக்குட்டை வாங்க வந்த இடத்தில் வேடிக்கையாகச் சொல்லிவிட்டுப் போனான். எனக்குத்தான் இரவு தூக்கம் வரவில்லை. சரக்கில் பழுது இல்லை. நல்ல பனியன், நல்ல நூல். விற்ற எனக்குத்தான் அது எதற்கு உதவும், எதற்கு உதவாது என்ற ஞானம் இல்லை. அன்றிலிருந்து சீட்டுகளைப் படிக்கவும், விஷயம் தெரிந்தவர்களிடம் கேட்கவும் ஆரம்பித்தேன். கற்றதில் பயனுள்ளதை இங்கே தருகிறேன்.

முதலில் வேர்வையின் கணக்கைப் பார்ப்போம். உழைக்கிற சரீரம் சூடேறுகிறது. அந்தச் சூட்டை இறக்குவதற்காகவே வேர்வை சுரக்கிறது. ஆனால் வேர்வை வழிவதனால் சூடு இறங்குவதில்லை, வேர்வை காய்வதனால்தான் இறங்குகிறது. ஒரு லிட்டர் வேர்வை மேனியிலிருந்து முழுவதும் ஆவியாகப் போனால் ஏறக்குறைய 580 கிலோ கலோரி சூட்டை எடுத்துக்கொண்டு போகும். அதே ஒரு லிட்டர் தரையில் சொட்டிவிட்டால் பயன் மிகச் சொற்பம். ஆகவே உட்சட்டை தேர்ந்தெடுக்கும்போது கேட்கவேண்டிய கேள்வி ஒன்றே ஒன்றுதான்: இந்த மனிதரின் வேர்வை எங்கே போகும்? காற்றில் போகுமா, துணியில் தங்குமா, தங்கினால் அவர் ஓய்ந்து நிற்கும்போது என்ன நேரும்? விலை, நிறம், கம்பெனிப் பெயர் எல்லாம் இதற்குப் பிறகுதான்.

இனி நூலின் குணம். பஞ்சு தண்ணீர் குடிக்கும் என்பது நம் யாவருக்கும் தெரியும். மழை மாதத்தில் பஞ்சு மூட்டை கனக்கும் என்று பெரியவர்கள் சொல்வார்கள். நிறுத்து வாங்கும் வியாபாரத்தில் இது பெரிய விஷயமல்லவா? 20 டிகிரி வெப்பமும் நூற்றுக்கு 65 ஈரமும் உள்ள காற்றில், 100 கிராம் காய்ந்த பருத்தி ஏறத்தாழ 8 கிராம் நீரைத் தனக்குள் வைத்துக்கொள்ளும். கம்பளி ஏறத்தாழ 16, ரேயான் 13, நைலான் 4. பாலியெஸ்டர் அரைக் கிராமுக்கும் குறைவு. பாலிபுரோப்பிலீன் ஏறக்குறைய ஒன்றுமே இல்லை.

பாலியெஸ்டர் என்றால் வேறொன்றுமில்லை, நம் பெரியவர்கள் காலத்து டெரிலின்தான். 1941-ல் இங்கிலாந்தில் வின்ஃபீல்ட், டிக்சன் என்ற இருவர் கண்டுபிடித்தது. "டெரிலின் போட்டால் உடம்பு வேகிறது" என்று அக்காலத்தில் முணுமுணுத்தவர்கள் அநேகர். அவர்கள் சொன்னது பொய்யன்று. அந்தத் துணி நெருக்கமாக நெய்யப்பட்டது, காற்று புக வழியில்லை. இன்று விளையாட்டுச் சட்டைக்கு வருவதும் அதே பொருள்தான். ஆனால் நூல் மிக நேர்த்தியானது, நெசவாக இல்லாமல் பின்னலாக வருகிறது, கண்கண்ணாக இடைவெளி விடப்பட்டிருக்கிறது. நூல் தண்ணீரைக் குடிப்பதில்லை. நூல்களுக்கு இடையே உள்ள சந்துகளில் தண்ணீர் ஊர்ந்து மேற்புறத்துக்கு வருகிறது, விளக்குத் திரியில் எண்ணெய் ஏறுவதைப் போல. மேற்புறம் பரவியபின் காற்று பட்டுக் காய்கிறது. பருத்தியிலும் நீர் ஊரும். ஆனால் நூலே குடித்து ஊதிவிடுவதால் காய்வதற்கு அதிக நேரம் செல்லும். தூவாலைக்குப் பருத்தி சிறந்தது ஏனென்றால் இதே குணத்தினால்தான்.

இதை வியாபாரமாக்கியவர் கதையும் ருசிகரமானது. அமெரிக்காவில் மேரிலாந்து பல்கலைக் கழகத்தில் பந்தாடிய கெவின் பிளாங்க் என்பவர், கவசத்துக்கு உள்ளே போட்ட பருத்திச் சட்டை வேர்வையில் ஊறிக் கனப்பதால் ஆட்டத்துக்கு நடுவே சட்டை மாற்றி மாற்றிச் சலித்துப்போனார். 1996-ல் பாட்டி வீட்டு நிலவறையில் செயற்கை நூல் உட்சட்டை வியாபாரத்தைத் தொடங்கினார். அதுதான் அண்டர் ஆர்மர் கம்பெனி. தனக்கு ஏற்பட்ட உபத்திரவத்தையே சரக்காக மாற்றிய சாமர்த்தியத்தை வியாபாரிகளாகிய நாம் மெச்சத்தான் வேண்டும்.

அப்படியானால் இனிப் பருத்திப் பனியனைக் கட்டி வைத்துவிடலாமா? வேண்டாம். இங்கேதான் நாம் நிதானிக்க வேண்டும்.

நம் நாட்டு நிலைமை வேறு. மலேசியாவிலும் சிங்கப்பூரிலும் காற்றே ஈரம் நிறைந்தது. ஆண்டுச் சராசரி நூற்றுக்கு 80 அளவில் இருக்கிறது. ஏற்கனவே நிரம்பிய குடத்தில் இன்னும் எவ்வளவு ஊற்ற முடியும்? எத்தகைய உயர்ந்த சட்டையாக இருந்தாலும் அதன் மேற்புறத்துக்கு வந்த வேர்வை சீக்கிரம் காயாது. "இதை அணிந்தால் உடல் குளிர்ச்சியடையும்" என்று பெட்டியில் எழுதியிருப்பதை அப்படியே வாடிக்கைக்காரரிடம் ஒப்பிக்காதீர்கள். வெப்பத்தில் உழைப்பவர்களைச் சோதித்துப் பார்த்த ஆராய்ச்சிகளில் பருத்திக்கும் செயற்கை நூலுக்கும் உள்ளுடம்பின் சூட்டில் குறிப்பிடத்தக்க வித்தியாசம் பொதுவாகத் தெரியவில்லை. மேனிக்குச் சௌகரியம், கனம் குறைவு, சீக்கிரம் காய்தல் ஆகியவற்றில்தான் வித்தியாசம். சூட்டிலிருந்து காப்பவை நிழலும், தண்ணீரும், ஓய்வும், வெயில் ஏறுமுன் முடித்துக்கொள்ளும் புத்தியும்தான்.

எனவே, தித்திவங்சா ஏரித் தோட்டத்தில் காலையில் அரைமணி நேரம் நடந்துவிட்டு வீட்டுக்குப் போய்க் குளிக்கிற ஒரு ஹாஜியார் வந்தால் அவருக்கு நூறு வெள்ளிச் சட்டையைத் தலையில் கட்டவேண்டாம். மெல்லிய, தளர்ந்த பருத்திப் பனியனே போதும். நனைந்தால் வீட்டில் கழற்றப் போகிறார், அவ்வளவுதான். நானே அப்படித்தான் நடக்கிறேன்.

ஒரு மணி நேரத்துக்கு மேல் ஓடுகிறவர், பந்தாடுகிறவர், நெடுந்தூரம் சைக்கிள் விடுகிறவர் ஆகியோர் விஷயம் வேறு. பருத்தி ஊறித் தொங்கி, உப்பேறிய ஈரத்துணி தோலை அராவும். நெடுந்தூரம் ஓடுகிறவர்களுக்கு மார்க்காம்பில் இரத்தமே கசிவதுண்டு. அக்குளிலும் தொடை இடுக்கிலும் தோல் உரிந்து எரியும். இவர்களுக்குச் செயற்கை நூல் பின்னல் நல்லது. மெலிதாக, சதுர மீட்டருக்கு 100 முதல் 150 கிராம் வரை எடையுள்ளதாகக் கொடுங்கள். தையல் தட்டையாக இருக்கவேண்டும். உட்புறத்தைப் புரட்டி விரலால் தடவிப் பாருங்கள். வரப்பு போல் தட்டுப்பட்டால் வாங்காதீர்கள்.

உடம்போடு இறுகப் பிடிக்கும் சட்டை, காற்சட்டைகளைப் பற்றியும் கேட்பார்கள். பாலியெஸ்டர் அல்லது நைலானோடு இலாஸ்டேன் சேர்த்துப் பின்னுவது. இலாஸ்டேன், ஸ்பாண்டெக்ஸ், லைக்ரா மூன்றும் ஒன்றே. 1958-ல் அமெரிக்காவின் டூபாண்ட் கம்பெனியில் உருவானது. இறுக்கமான உள்காற்சட்டை தொடை உராய்வைத் தடுப்பதில் உண்மையாகவே உதவுகிறது. மறுநாள் தசை நோவு சற்றுக் குறைவதாகவும் பலர் உணர்கிறார்கள். ஆனால் "இதைப் போட்டால் வேகமாக ஓடலாம்" என்பதற்கு உறுதியான சான்று இல்லை. விற்கும்போது முதல் இரண்டைச் சொல்லலாம், மூன்றாவதைச் சொல்லக்கூடாது. மூச்சை இழுக்கும்போது மார்பு தடைப்பட்டாலோ, கழற்றிய பின் கை கால் மரத்திருந்தாலோ அளவு சிறிது என்று பொருள்.

இப்போது ஒரு கசப்பான விஷயம். தண்ணீரும் காற்றும் புகாத பிளாஸ்டிக் அல்லது ரப்பர் சேர்ந்த "வேர்வை உடுப்பு" ஒன்று சந்தையில் உண்டு. சரக்குப் போடுகிறவர் ஒருவர், "கொழுப்பு உருகி வேர்வையாகக் கொட்டும், விற்றுப் பாருங்கள்" என்று மூன்று டஜன் என் கடையில் இறக்கிவிட்டுப் போனார். தொப்பை குறைய ஆசைப்படுகிறவர்கள் குறைவா என்ன? ஒரு வாரத்தில் ஒரு டஜன் போய்விட்டது. பிறகுதான் விஷயம் தெரிந்தது. கொட்டுவது கொழுப்பல்ல, வெறும் நீர். தண்ணீர் குடித்ததும் எடை திரும்பி வந்துவிடும். அதைவிடப் பெரிய கேடு, வேர்வை காய வழியே இல்லாததால் உடலின் சூடு உள்ளேயே ஏறிக்கொண்டு போவது. 1997-ஆம் வருஷம் நவம்பர், டிசம்பர் மாதங்களில் அமெரிக்காவில் மூன்று கல்லூரி மல்யுத்த மாணவர்கள், போட்டிக்காக எடை குறைக்க இத்தகைய உடுப்பை அணிந்து சூடான அறையில் பயிற்சி செய்து, சில வாரங்களுக்குள் ஒருவர் பின் ஒருவராக உயிரிழந்தார்கள். மூன்றும் இளம் உயிர்கள். அதன் பிறகு கல்லூரி விளையாட்டுச் சங்கம் அவ்வுடுப்பை மல்யுத்தப் பயிற்சியில் தடை செய்தது. குளிர்காலத்தில், குளிர் நாட்டில் நடந்தது இது. நம் உஷ்ணத்தில் கேட்க வேண்டுமா? மீதி இரண்டு டஜனைத் திருப்பி அனுப்பினேன். விற்ற பன்னிரண்டில் யார் வாங்கினார்கள் என்று நினைவிருந்த ஏழு பேரிடம் சொல்லி வாங்கிக்கொண்டு காசைத் திருப்பிக் கொடுத்தேன். மற்ற ஐவர் யார் என்று தெரியவில்லை.

பயிற்சியின் நடுவே ஒருவர் தள்ளாடினாலோ, சம்பந்தமில்லாமல் பேசினாலோ, மேனி நெருப்பாகக் கொதித்தாலோ, மேலுடுப்பை அகற்றி, நிழலில் கிடத்தி, தண்ணீர் ஊற்றி விசிறிக்கொண்டே ஆம்புலன்சைக் கூப்பிடுங்கள். மலேசியாவில் 999, சிங்கப்பூரில் 995. ஜவுளிக் கட்டுரையில் இது ஏன் என்று நினைக்கவேண்டாம். வேர்வை காயாவிட்டால் அதன் முடிவு இதுதான்.

நம் பெண்மக்கள் விளையாடுவது இப்போது அதிகமாகியிருக்கிறது. மேனியை மறைக்க வேண்டி, குட்டைக் கைச் சட்டைக்கு உள்ளே நீளக்கை உட்சட்டை அணிகிறார்கள். அதில் ஒரு கஷ்டம் உண்டு. இரண்டு அடுக்கு ஆகிவிடுவதால் சூடு தங்குகிறது. ஆகவே உட்சட்டை எவ்வளவு மெல்லியதோ அவ்வளவு நல்லது, மேற்சட்டையும் வலைப் பின்னலாக இருக்கட்டும். இன்னும் மேலானது, நனைந்தாலும் ஒளி ஊடுருவாத தளர்ந்த நீளக்கைச் சட்டை ஒன்றையே அணிவது. கடையில் இதைச் சோதிக்க ஒரு வழி: துணியை நனைத்து உள்ளங்கைமேல் விரித்துப் பாருங்கள். கைரேகை தெரிந்தால் அது ஆகாது. வெளிர் நிறங்கள் பெரும்பாலும் இச்சோதனையில் தோற்றுவிடும். தலைமூடிக்கும் இதே இலேசான பின்னல்தான் வேண்டும், கழுத்தில் ஊசி குத்தக்கூடாது. கால்பந்து விதிகளை வகுக்கும் சபை 2014-லும், கூடைப்பந்துச் சம்மேளனம் 2017-லும் தலைமூடியை அனுமதித்துவிட்டபடியால் இதற்குக் கேட்பு இருக்கிறது.

இனி மலைக்கு வருவோம்.

ஆயிரம் மீட்டர் ஏறினால் காற்று சராசரியாக ஆறரை டிகிரி குளிர்கிறது. கினபாலு உச்சி 4,095 மீட்டர். கடற்கரையில் 30 டிகிரி என்றால் உச்சியில் ஏறக்குறைய 27 டிகிரி குறைந்து 3 டிகிரி என்று கணக்கு வரும். விடியுமுன், காற்றும் வீசினால், பூஜ்யத்துக்கு அருகில் போய்விடும். நம் வாலிபர்களில் பலர் முதன்முதலாகக் குளிரைச் சந்திப்பது அந்தப் பாறைமேல்தான். தண்ணீர், அசையாத காற்றைவிட ஏறத்தாழ 25 மடங்கு விரைவாகச் சூட்டைக் கடத்துகிறது. உட்சட்டையின் கண்களில் காற்று இருந்தால் அது போர்வை. அதே கண்களில் தண்ணீர் இருந்தால் அது சூட்டைத் திருடும் கள்வன். ஏறும்போது உடல் சூட்டை உண்டாக்கிக்கொண்டே இருப்பதால் திருட்டு தெரிவதில்லை. நின்றவுடன் தெரிகிறது. என் பையனுக்கு நேர்ந்தது இதுதான். நம் ஊரில் அரைமணி நடைக்குக் குற்றமில்லாத பருத்தி, அங்கே ஆபத்தாகிவிடுகிறது.

மலைக்கு இரண்டு நூல்கள் ஏற்றவை. ஒன்று செயற்கை நூல். இலேசு, விலை மலிவு, சீக்கிரம் காயும். குறை என்னவென்றால் நாற்றம். 2014-ல் பெல்ஜியம் நாட்டு கெண்ட் பல்கலைக் கழகத்தார் உடற்பயிற்சி செய்தவர்களின் சட்டைகளைச் சோதித்தபோது, பருத்தியைவிடப் பாலியெஸ்டரில் துர்நாற்றம் அதிகம் என்றும், நாற்றத்துக்குக் காரணமான கிருமிகள் சில அதில் நன்கு பெருகுகின்றன என்றும் கண்டார்கள். விடுதியில் ஒரே அறையில் படுப்பவர்களுக்கு ஆராய்ச்சி தேவைப்படாது!

மற்றொன்று மெரினோ ஆட்டின் கம்பளி. கம்பளி என்றதும் நமக்கு அரிப்பு நினைவுக்கு வரும். அரிப்பது தடித்த மயிர். மெரினோ மயிர் மிக மெலிது. உட்சட்டைக்கு வருவது பெரும்பாலும் 20 மைக்ரானுக்கு உட்பட்டது, ஒரு மில்லிமீட்டரில் ஐம்பது மயிரை அடுக்கலாம். நூல் வேர்வையின் ஆவியைத் தனக்குள் இழுத்துக்கொண்டும் தொடுவதற்கு உலர்ந்ததாகவே இருக்கும். நனைந்த பின்னும் ஓரளவு சூட்டைக் காக்கும். இரண்டு மூன்று நாள் போட்டாலும் நாறாது. விலை அதிகம், காயத் தாமதமாகும், பூச்சி அரிக்கும், பையின் வார் பட்டுத் தேயும். இவ்வளவையும் சொல்லியே விற்கவேண்டும். ஏறுவதற்கு 150 கிராம் எடையும், உச்சியில் நிற்பதற்கு 200 அல்லது 250 கிராமும் போதுமானவை. சில மெரினோச் சட்டைகளில் பட்டு கலந்திருக்கும். ஆண்களுக்குப் பட்டு ஆகாது என்பது நமக்குத் தெரிந்ததே. சீட்டைப் பார்க்காமல் எடுத்துக் கொடுத்துவிடாதீர்கள்.

மூன்றாவதாக ஒன்று உண்டு, அது நம் பழைய சிநேகிதன்: வலைப் பனியன். 1933-ல் நார்வே நாட்டுப் படை அதிகாரி ஹென்ரிக் புரூன் என்பவர், பழைய மீன் வலையைக் கத்தரித்துத் தைத்து உட்சட்டையாக அணிந்து பார்த்தார். மேலே ஒரு சட்டை இருந்தால் வலைக்கண்களில் காற்று தங்கிச் சூட்டைக் காக்கிறது. மேற்சட்டையைத் திறந்துவிட்டால் வேர்வையின் ஆவி தடையின்றிப் போய்விடுகிறது. 1953-ல் எவரெஸ்ட் சிகரத்தை எட்டிய குழுவினர் கொண்டுபோன உடுப்புகளில் இந்தக் கயிற்று வலைப் பனியனும் இருந்தது. நம் பெரியவர்கள் மேசைக்குப் பின்னால் வலைப் பனியனோடு உட்கார்ந்திருந்ததைக் கண்டு நாகரிகமில்லை என்று சிரித்தவர்கள் இதைக் கவனிக்க வேண்டும்.

எந்த நூலாக இருந்தாலும் மலைக்குப் போகிறவருக்கு இரண்டு உட்சட்டை வேண்டும். ஒன்று ஏறுவதற்கு. மற்றொன்றைப் பிளாஸ்டிக் பைக்குள் போட்டு வாயை இறுகக் கட்டி, விடுதிக்குப் போய்ச் சேரும்வரை தொடக்கூடாது. விலை உயர்ந்த ஒன்றைவிட மலிவான இரண்டு மேல். ஏறும்போது சற்றுக் குளிர்கிறாற்போல் கிளம்புவது நல்லது. வேர்த்த பிறகு மேற்சட்டையைக் கழற்றுவதைவிட வேர்க்குமுன் கழற்றவேண்டும். அதே பையன் இரண்டு வருஷம் கழித்து மறுபடி கினபாலுக்குப் புறப்பட்டபோது இப்படித்தான் கொடுத்தனுப்பினேன். இம்முறை பிளாஸ்டிக் பையை நானே கட்டிக் கொடுத்தேன்.

சீட்டில் எழுதியிருப்பதை எவ்வளவு நம்பலாம்? "மூங்கில் நூல்" என்று மென்மையான சட்டைகள் வருகின்றன. மூங்கிலைக் கூழாக்கி இரசாயன முறையில் இழுத்த ரேயான்தான் அவற்றில் பெரும்பாலானவை. 2009-ல் அமெரிக்க அரசின் வர்த்தகக் கமிஷன், ரேயானை மூங்கில் என்று பெயரிட்டு விற்றதற்காகச் சில வியாபாரிகள்மீது நடவடிக்கை எடுத்தது. வீட்டில் உடுத்த அது சுகமான துணி. ஆனால் ரேயான் பருத்தியைவிட அதிகமாகத் தண்ணீர் குடிக்கும் என்பதை மேலே பார்த்தோம், மலைக்கு வேண்டாம்.

சந்தேகமிருந்தால் ஓரத்திலிருந்து இரண்டு நூலை உருவி, கடைக்கு வெளியே இடுக்கியில் பிடித்து நெருப்புக் காட்டுங்கள். பருத்தியும் ரேயானும் காகிதம் போல் எரிந்து மெல்லிய சாம்பலாகும். கம்பளி மயிர் கருகும் வாடை வீசி, நெருப்பை எடுத்ததும் அணையும், சாம்பல் விரலில் நொறுங்கும். பாலியெஸ்டர் உருகிக் கெட்டியான மணியாக உறையும். கலப்பு நூலில் இரண்டும் சேர்ந்து தெரியும். மெரினோ என்று வாங்கிய ஒரு கட்டில் எனக்கு மணிதான் கிடைத்தது. அதோடு அந்தச் சப்ளையரோடு பற்று வரவு முடிந்தது. வேர்வையை இழுக்குமா என்பதை அறிய, துணியின் உட்புறத்தில் ஒரு சொட்டுத் தண்ணீர் விடுங்கள். நாலைந்து விநாடியில் பரவி மறைந்தால் நல்லது. முத்தாக உருண்டு நின்றால் அந்தத் துணி வேர்வையையும் அப்படியே மேனியில் நிறுத்திவைக்கும். சில துணிகளில் இந்தக் குணம் பூச்சினால் மட்டும் வருவது. ஆகவே மாதிரியை நாலைந்து தடவை துவைத்துவிட்டு மறுபடி சொட்டு விட்டுப் பார்ப்பது உத்தமம்.

துவைப்பதைப் பற்றிச் சொல்லாமல் விற்பது அரை வியாபாரம். துணியை மென்மையாக்கும் வாசனைத் திரவம் செயற்கை நூல்மேல் மெழுகு போல் படிந்து வேர்வை ஊரும் வழியை அடைத்துவிடும், அதை ஊற்றவேண்டாம். வேர்த்த சட்டையைச் சுருட்டிப் பையில் வைக்காமல் வந்தவுடன் அலசிவிட வேண்டும். வெளுப்பு மருந்து கம்பளியையும் இலாஸ்டேனையும் தின்றுவிடும். கம்பளியை வெந்நீரில் போட்டால் சுருங்கிக் குழந்தைச் சட்டையாகிவிடும். பாலிபுரோப்பிலீனை இஸ்திரி போடவே கூடாது, 165 டிகிரி அளவில் அது உருகிவிடும். தட்டையாக விரித்து நிழலில் உலர்த்தினால் போதும்.

கடைசியாக அளவு. ஐரோப்பா, அமெரிக்காவிலிருந்து வரும் சட்டைகள் நம் அளவைவிடப் பெரும்பாலும் ஒரு படி பெரியவை. எழுத்தை நம்பாமல் மார்பை அளந்து கொடுங்கள். மலைக்கு என்றால் மேனியோடு ஒட்டியிருக்கவேண்டும், நம் ஊர் ஓட்டத்துக்கு என்றால் இரண்டு விரல் தளர்வு வேண்டும். கையைத் தலைக்குமேல் தூக்கச் சொல்லுங்கள். இடுப்பு வெளியே தெரிந்தால் நீளம் போதாது, வேறு எடுத்துக் கொடுங்கள்.